யாழ்ப்பாணத்து டாக்டர் ராஜினி



மலருக்காக ஆளுக்கொரு பெண்மணியின் வாழ்க்கையை எழுதித் தரவேண்டும் என்று கூட்டமைப்புக் கூட்டத்தில் முடிவானபோது, முத்துலட்சுமி ரெட்டியையும் அன்னை தெரசாவையும் மற்ற குழுக்காரர்கள் முதலிலேயே எடுத்துக்கொண்டார்கள். எனக்கு டாக்டர் ராஜினி திராணகம ஞாபகம் வந்தார். நம்மில் பாதிப்பேர் இந்தப் பெயரைக் கேட்டிருக்க மாட்டோம். இலங்கைத் தமிழர்களிடம் கேட்டுப்பாருங்கள், தெரியாதவர்கள் குறைவு.

எனக்கும் அப்படித்தான் தெரியவந்தது. வேப்பம்பட்டிலிருந்து கம்பெனி பஸ்ஸில் கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு வேலைக்குப் போன வருஷங்களில், எனக்குப் பக்கத்து மேசையில் வேலை செய்த அக்கா அங்கே உள்ள இலங்கைத் தமிழர் முகாமைச் சேர்ந்தவர். சாப்பாட்டு நேரத்தில் ஊர்க்கதை சொல்லுவார். ஒருநாள் ராஜினி டாக்டர் கதையைச் சொன்னார். எல்லாம் சொன்னவர், யார் சுட்டார்கள் என்று நான் கேட்டதும் டிபன் பாக்ஸை மூடிவிட்டு எழுந்துபோய்விட்டார். அதற்குப் பிறகுதான் நானே தேடிப் படித்தேன்.

ராஜினி 1954 பிப்ரவரி 23-ஆம் தேதி யாழ்ப்பாணத்தில் ஒரு கிறிஸ்தவத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தார். நாலு பெண்பிள்ளைகளில் இரண்டாமவர். 1973-ல் கொழும்புப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிக்கப் போனார். அங்கே மாணவர் இயக்கங்களில் சேர்ந்தபோது தயாபால திராணகம என்ற சிங்கள மாணவர் தலைவரைச் சந்தித்தார். 1977-ல் கல்யாணம். தமிழ்ப்பெண், சிங்கள மாப்பிள்ளை, இவர் கிறிஸ்தவர், அவர் பௌத்தர். நம்ம பக்கத்தில் ரெண்டு தெரு தள்ளிக் கட்டிக்கொடுத்தாலே எத்தனை பஞ்சாயத்து, அப்போ அங்கே எப்படி இருந்திருக்கும்! நர்மதா, ஷாரிகா என்று இரண்டு பெண் குழந்தைகள் பிறந்தார்கள். மலையகப் பக்கம் கொஞ்ச காலம் டாக்டராக வேலை பார்த்துவிட்டு, 1980-ல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றியல் விரிவுரையாளராகச் சேர்ந்தார்.

இந்த இடத்தில் ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். ராஜினி ஆரம்பத்தில் விடுதலைப் புலிகளை ஆதரித்தவர். காயம்பட்டு வந்த பையன்களுக்கு வைத்தியம் பார்த்தவர். அவருடைய அக்கா நிர்மலாவை 1982-ல் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் அரசாங்கம் பிடித்துச் சிறையில் போட்டது. 1983-ல் ராஜினி மேற்படிப்புக்காக இங்கிலாந்தில் லிவர்பூல் போனார். அங்கே இருந்தபடியே அக்காவின் விடுதலைக்காகவும், இலங்கையில் நடக்கும் கொடுமைகளை வெளியே தெரியவைக்கவும் பாடுபட்டார். அந்த நாட்களில்தான் அவர் மனது மாறியது. அரசாங்கம் செய்கிற கொலை மட்டும் கொலை, நம்ம பையன்கள் செய்கிற கொலை போராட்டம் என்று பேசுவது அவருக்கு ஒத்துவரவில்லை.

படிப்பு முடிந்தது. அங்கேயே இருந்திருந்தால் நல்ல சம்பளம், பிள்ளைகளுக்கு நல்ல பள்ளிக்கூடம், உயிருக்குப் பயமில்லை. அவர் பிள்ளைகளோடு யாழ்ப்பாணத்துக்கே திரும்பிவந்து, உடற்கூற்றியல் துறைக்குத் தலைவரானார்.

1987 ஜூலையில் இந்தியாவும் இலங்கையும் ஒப்பந்தம் போட்டு, அமைதிப்படை என்ற பெயரில் நம்ம இந்திய ராணுவம் யாழ்ப்பாணம் போனது. அக்டோபரில் அந்தப் படைக்கும் புலிகளுக்கும் சண்டை மூண்டது. அக்டோபர் 21, தீபாவளி நாள். யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குள் இந்தியப் படை நுழைந்து சுட்டதில் டாக்டர்கள், நர்சுகள், ஊழியர்கள், நோயாளிகள் என்று பலபேர் செத்துப்போனார்கள். அந்தத் தீபாவளிக்கு நாம் இங்கே புதுத்துணி உடுத்தியிருப்போம். நம்ம நாட்டுப் படை செய்ததை எழுதுகிறோமே என்று எனக்கும் கை தயங்கத்தான் செய்தது.

ராஜினிக்குத் தயக்கம் இல்லை. பல்கலைக்கழகத்தில் கூடவே வேலை பார்த்த ராஜன் ஹூல், ஸ்ரீதரன் என்ற இரண்டு கணக்கு ஆசிரியர்கள், மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் ஆகியோருடன் சேர்ந்து, நடந்ததை எழுதிவைக்கும் வேலையைத் தொடங்கினார். 1988-ல் மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள் என்ற அமைப்பு உருவானது. யாருக்கும் இதற்குச் சம்பளம் கிடையாது. பாடம் நடத்திவிட்டு, வீட்டு வேலையையும் முடித்துவிட்டுச் செய்த வேலை.

பார்க்கச் சின்ன வேலை மாதிரி இருக்கும். வீடு வீடாகப் போகவேண்டும். பாதிக்கப்பட்டவர் அழுது முடிக்கும்வரை உட்கார்ந்திருக்கவேண்டும். எந்தத் தேதி, என்ன நேரம், எத்தனை பேர் வந்தார்கள், என்ன உடுப்பு என்று கேட்கவேண்டும். ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தரிடம் விசாரித்துச் சரிபார்க்கவேண்டும். சொன்னவருக்கு ஆபத்து வராமல் பெயரை மறைக்கவேண்டும். ராஜினி முக்கியமாகப் பெண்களிடம் போனார். புருஷனை இழந்தவர்கள், பிள்ளையை இயக்கத்துக்குக் கொடுத்தவர்கள், படையாட்களால் மானபங்கப்படுத்தப்பட்டவர்கள். ஒரு ஆம்பளை நோட்டும் பேனாவுமாகப் போய் நின்றால் அந்தப் பெண்கள் வாய் திறந்திருப்பார்களா? ஆதரவில்லாத பெண்களுக்காகப் பூரணி என்ற இல்லத்தை அமைப்பதிலும் அவர் பங்கு பெரியது.

இலங்கை ராணுவம் செய்தது, இந்தியப் படை செய்தது, புலிகள் செய்தது, மற்றத் தமிழ் இயக்கங்கள் செய்தது, எல்லாவற்றையும் ஒரே புத்தகத்தில் எழுதினார்கள் இந்த நாலுபேரும். அதற்கு முறிந்த பனை என்று பெயர். பெண்கள் பட்ட பாட்டைப் பற்றிய பகுதி ராஜினி எழுதியது.

எதிராளியின் தப்பை எழுதுவது சுலபம். நம்ம ஆளின் தப்பை எழுதுவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். சில வருஷங்களுக்கு முன் எங்கள் குழுவில் ஒரு உறுப்பினர் கன்னம் வீங்கிப்போய்க் கூட்டத்துக்கு வந்தார். அடித்தவர் என் சொந்தக்காரர். தீர்மானப் புத்தகம் அன்றைக்கு என் கையில்தான் இருந்தது. சந்தா எவ்வளவு, உள்கடன் யாருக்கு என்றெல்லாம் எழுதினேன். அதை எழுதவில்லை. அவரும் எழுதச் சொல்லிக் கேட்கவில்லை. இரண்டு மாதத்தில் குழுவை விட்டே நின்றுவிட்டார். ராஜினியைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் அந்தப் பக்கம்தான் எனக்குக் கண்ணில் வருகிறது.

1989 செப்டம்பர் 21. பரீட்சை வேலையை முடித்துக்கொண்டு ராஜினி சைக்கிளில் வீடு திரும்பினார். அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் டாக்டர், வாத்தியார் எல்லாருக்கும் சைக்கிள்தான். திருநெல்வேலியில் (நம்ம திருநெல்வேலி இல்லை, யாழ்ப்பாணத்திலும் அந்தப் பேரில் ஒரு ஊர் உண்டு) அவர் வீட்டுப் பக்கத்தில் துப்பாக்கியோடு வந்தவர்கள் சுட்டுக் கொன்றார்கள். அப்போது அவருக்கு வயது 35. பெரிய பெண்ணுக்கே பன்னிரண்டு நிரம்பவில்லை. புலிகள்தான் செய்தார்கள் என்று குடும்பத்தாரும் கூட வேலை செய்தவர்களும் சொன்னார்கள். இந்தக் கொலைக்காக இதுவரை யாரும் தண்டிக்கப்படவில்லை.

அவர் எழுதிய புத்தகம் அச்சாகி வெளிவந்தது 1990-ல். அதைப் பார்க்க அவர் இல்லை. ராஜன் ஹூலும் ஸ்ரீதரனும் யாழ்ப்பாணத்தை விட்டுப் போய், மறைந்து வாழ்ந்துகொண்டே பல வருஷம் அறிக்கைகள் எழுதினார்கள். 2007-ல் மார்ட்டின் என்னல்ஸ் விருது என்ற உலக அளவிலான மனித உரிமை விருது அவர்களுக்குக் கிடைத்தது. ராஜினியைப் பற்றி 2005-ல் கனடாவில் ஒரு படம் எடுத்தார்கள். அதில் அம்மாவாக நடித்தது சின்ன மகள் ஷாரிகா.

இதை மலருக்குக் கொடுக்கும் முன்னால் முகாம் அக்காவுக்குப் போனில் படித்துக் காட்டினேன். நடுவில் ஒன்றும் பேசவில்லை. யார் சுட்டார்கள் என்று வரும் வரி வேண்டாமென்றால் எடுத்துவிடுகிறேன் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, அது இருக்கட்டும், தன் பெயரை மட்டும் போடவேண்டாம் என்றார். போடவில்லை.