அராலி இராமலிங்க முனிவர்

பண்டை உரோமாபுரியில் புள்நிமித்தம் பார்த்துரைத்த குருமாருக்கு அரசின் ஆதரவு இருந்தது. எங்கள் யாழ்ப்பாணத்து அராலி இராமலிங்க முனிவருக்கோ அது சிறிதுமில்லை. பறங்கியர் கோயில்களை இடித்தொழித்தனர். 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தரும் சைவ வழிபாட்டைத் தடுத்தனர். அக்காலத்திலேதான், 1667ஆம் ஆண்டில், முனிவர் வாக்கிய முறையாற் பஞ்சாங்கம் கணித்தருளினார். எழுத்துக்களையே எண்களாகக் கொண்ட வாக்கியங்களால் கோள்நிலை காணும் முறை அது. சந்திர வாக்கியங்கள் மாத்திரம் 248. மகப்பேறு குறித்துச் சோதிடம் கூறும் சந்தான தீபிகை என்னும் செய்யுள் நூலும் அவர் இயற்றியதே.

வருவதுரைக்கும் சோதிடத்தில் எனக்குப் பெரும்பற்று இல்லை. ஆயினும், கோயிலிழந்த குடிகள் தத்தம் இல்லத்திலிருந்தே விரதநாளை அறிந்து நோற்க வழிசெய்த அப்பெரியாரை, பஞ்சாங்கத்தைக் கையிலெடுக்குந்தோறும் நன்றியோடு நினைக்கின்றேன்.