விரல்கள் உணர்விழந்தபோது

கடந்த வருடம் என் மாமியின் கையிலிருந்து தேநீர்க் கோப்பை இரண்டு தடவை நழுவி விழுந்தது. நடக்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டார். பகலிலேயே படுத்துவிடுவார். சோம்பல் என்று உறவினர்கள் பேசிக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். பல மாதங்களின் பின்னர்தான் வைத்தியர் ஒருவர் அது மல்டிபிள் ஸ்கிளரோசிஸ் என்ற நரம்பு நோய் என்றார். அந்தப் பெயரை நான் அதற்கு முன் கேட்டதேயில்லை. அதைப் பற்றித் தேடி வாசித்தபோது ஜக்குலின் டு பிரே என்ற இசைக் கலைஞரை அறிந்துகொண்டேன்.

1945 ஜனவரி 26ஆம் திகதி இங்கிலாந்தின் ஒக்ஸ்போர்ட் நகரில் பிறந்தவர் ஜக்குலின். ஐந்து வயது நிரம்பும் முன்பே வானொலியில் செலோவின் ஓசையைக் கேட்டு, அந்தக் கருவியே தனக்கு வேண்டுமென்று ஆசைப்பட்டார். செலோ வயலின் குடும்பத்தைச் சேர்ந்த பெரிய கருவி. கதிரையில் அமர்ந்து, முழங்கால்களுக்கிடையே நிறுத்தி, வில்லால் வாசிப்பார்கள். 16 வயதில் அவர் லண்டனில் அரங்கேறினார். எட்வேர்ட் எல்கரின் செலோ இசைப்படைப்பை 1965இல் அவர் வாசித்த ஒலிப்பதிவை இசை ரசிகர்கள் இன்றும் கேட்கிறார்கள்.

1971 அளவில் அவரது விரல்கள் உணர்விழக்கத் தொடங்கின. களைப்பும் வாட்டியது. மன அழுத்தமே காரணம் என்று கருதப்பட்டது. வாசிப்பில் பழைய தரம் இல்லையென விமர்சகர் சிலர் குறை கூறினர். 1973 பெப்ரவரியில் நியூயோர்க்கில் மேடையேறியபோது செலோப் பெட்டியைத் திறப்பதற்கே சிரமப்பட்டார். தந்தியில் விரல் பதியும் இடத்தைத் தொட்டு உணர முடியாமல், கண்ணால் பார்த்துப் பார்த்து வாசித்தார். அந்த ஆண்டு ஒக்டோபரில்தான் நோய் இன்னதென்று தெரிந்தது. அப்போது அவருக்கு வயது 28.

மின்கம்பிக்கு உறை இருப்பதுபோல நமது நரம்பிழைகளுக்கும் மயலின் என்ற உறை உண்டு. உடலைக் காக்க வேண்டிய நோயெதிர்ப்புத் தொகுதியே மூளையிலும் முண்ணாணிலும் அந்த உறையைத் தாக்குவதால் இந்நோய் உண்டாகிறது. மூளையின் செய்திகள் தடைப்படுகின்றன. கை கால் மரத்துப்போகும், பார்வை மங்கும், நடை தள்ளாடும், களைப்பு மேலிடும். இது தொற்றுநோயல்ல. ஆண்களைவிடப் பெண்களையே, அதிலும் இளம் வயதினரையே கூடுதலாகப் பாதிக்கிறது.

ஜக்குலின் நோயை மறைத்து ஒதுங்கிவிடவில்லை. சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி இசை நிகழ்ச்சிகளுக்குச் சென்றார். மாணவர்களுக்குக் கற்பித்தார். இந்நோய் பற்றிய ஆராய்ச்சிக்காக ஒரு நிதியம் அவர் பெயரிலேயே உருவானது. அவரால் பலர் இந்நோயின் பெயரை அறிந்தனர். 1987 ஒக்டோபர் 19ஆம் திகதி, தனது 42ஆவது வயதில் லண்டனில் காலமானார்.

இன்று நோயின் வேகத்தைக் குறைக்கும் மருந்துகள் உள்ளன. முற்றாகக் குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை. எனவே, நேரத்தோடு கண்டறிவது முக்கியம். புகழின் உச்சியில் இருந்தவரின் நோயே புரிந்துகொள்ளப்படாமல் போனதென்றால், வீட்டுக்குள் இருக்கும் ஒரு பெண்ணின் நிலை என்ன? சோம்பல் என்ற ஒரு சொல்லே அவரை வைத்தியரிடம் போகவிடாமல் தடுத்துவிடலாம்.

மாமியிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, தேநீர் ஊற்றச் சொன்னார். இப்போது கோப்பையை அவர் இரு கைகளாலும் பிடிக்கும்வரை நான் என் கையை எடுப்பதில்லை.