மார்ஷல் நேசமணி

மார்ஷல் அ. நேசமணி (ஜூன் 12, 1895 – ஜூன் 1, 1968) திருவிதாங்கூரில் வாழ்ந்த தமிழ் வழக்கறிஞரும் அரசியல் தலைவரும் ஆவார். தென் திருவிதாங்கூரின் தமிழ் வட்டங்களைத் தமிழகத்தோடு இணைப்பதற்கான போராட்டத்திற்குத் தலைமை தாங்கியமையால் குமரித் தந்தை என்றும் அழைக்கப்படுகிறார். அரசியலுக்கு வருவதற்கு வெகு காலம் முன்னரே, தொழில் தொடங்கிய நாட்களில், நாகர்கோவில் நீதிமன்றத்தில் நிலவிய சாதிவாரி இருக்கை முறையை எதிர்த்து ஒழித்தவர் என்பது இவரைப் பற்றி இம்மாவட்டத்தில் மிகுதியாகப் பேசப்படும் செய்தியாகும்.

பிறப்பும் கல்வியும்

இவர் விளவங்கோடு வட்டத்தைச் சேர்ந்த பள்ளியாடியில், நாடார் சமூகத்துக் கிறித்தவக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். நாகர்கோவிலில் பள்ளிக் கல்வியை முடித்துத் திருவனந்தபுரத்தில் இளங்கலைப் பட்டமும் சட்டப் பட்டமும் பெற்றார். 1921ஆம் ஆண்டு நாகர்கோவிலில் வழக்கறிஞராகத் தொழில் தொடங்கினார்.

அக்காலச் சூழல்

நேசமணி செய்ததன் கனத்தை அறிய, அன்றைய தென் திருவிதாங்கூரை நினைவிற் கொள்ள வேண்டும். அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களிலும் தமிழ் பேசுவோர் பெருந்தொகையினராக இருந்தனர். ஆயினும் அரசு அலுவல்களில் மலையாளமே கோலோச்சியது. நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காக நடந்த நெடிய போராட்டத்தின் முடிவில் 1859 ஜூலை 26 அன்று அரச அறிவிப்பு வெளியானது. அதன் பிறகும் அரசுப் பணிகளில் பிற்படுத்தப்பட்ட சமூகத்தார் நுழைவது அரிதாகவே இருந்தது. மிஷன் பள்ளிகளில் பயின்று பட்டம் பெற்றவர்களுக்கு ஓரளவு திறந்திருந்த வாசல்களுள் வழக்கறிஞர் தொழிலும் ஒன்று. அந்த வாசலுக்கு உள்ளேயும் மேல் கீழ் பார்க்கப்பட்டது.

கல்குளம் வட்டத்தின் கடலோரத்தில் உள்ள மண்டைக்காடு, குளச்சல் போன்ற ஊர்களின் குடியானவருக்கு நிலத் தகராறு நேர்ந்தால் நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது. அங்கே அவர் சார்பில் வாதாட வந்த அவருடைய சமூகத்து வழக்கறிஞர், எதிர்த்தரப்பு வழக்கறிஞரை விடத் தாழ்ந்த ஆசனத்தில் அமர்ந்திருந்தால், வழக்கைப் பற்றி அவர் மனத்தில் என்ன எண்ணம் எழுந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

நீதிமன்ற முக்காலிகள்

நாகர்கோவில் நீதிமன்றத்தில் உயர்சாதி வழக்கறிஞர்களுக்கு நாற்காலிகளும், பிற்படுத்தப்பட்ட சமூகத்து வழக்கறிஞர்களுக்கு முக்காலிகளும் போடப்பட்டிருந்தன. குடிநீர்ப் பானைகளும் தனித்தனியே வைக்கப்பட்டிருந்தன. நேசமணி முதன்முதலாக நீதிமன்றத்திற்குள் சென்ற நாளில், தமக்கென ஒதுக்கப்பட்ட முக்காலியில் அமர மறுத்து, அதனைக் காலால் உதைத்துத் தள்ளிவிட்டு நாற்காலி கொணர்ந்து இட்டு அமர்ந்தார் என்று அவரது வாழ்க்கை வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர். அதன் பின்னர் அந்நீதிமன்றத்தில் முக்காலி முறையும் தனிப் பானை முறையும் ஒழிந்தன.

இந்நிகழ்ச்சி இன்று வீரக்கதை போலச் சொல்லப்படுகிறது. ஆனால் அப்போது அவர் இழக்கக்கூடியவை பல. பெயர் பெறாத இளம் வழக்கறிஞர் அவர். தொழில் கற்பதற்கு மூத்தவர்களின் ஆதரவு வேண்டும். வழக்குகள் வருவதற்கு நீதிபதியின் நன்மதிப்பு வேண்டும். நீதிமன்ற ஒழுங்கைக் குலைத்தவர் என்ற பெயர் ஒட்டிக்கொண்டால் கட்சிக்காரர்கள் வாசலுக்கு வரமாட்டார்கள். அவருக்கு முன்பே தொழில் புரிந்த அதே சமூகத்து வழக்கறிஞர்கள் முக்காலியில் அமர்ந்தே வழக்காடி வந்தனர் என்பதையும் கருத வேண்டும். அவர்களைக் கோழைகள் என்று தள்ளுவது பொருந்தாது. குடும்பம் பிழைக்க வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இருந்தது. அதே கட்டாயம் நேசமணிக்கும் இருந்தது.

காலவரிசையை நோக்கினால் மற்றொன்றும் புலப்படும். தெருவில் நடக்கும் உரிமைக்கான வைக்கம் போராட்டம் 1924இல் தான் தொடங்கியது. திருவிதாங்கூர்க் கோயில் நுழைவு அறிவிப்பு 1936 நவம்பர் 12 அன்று வெளியானது. மண்டைக்காடு பகவதியம்மன் கோயிலின் மாசிக் கொடைக்கு இன்று எல்லாச் சமூகத்தாரும் திரண்டு வருகின்றனர். அறிவிப்புக்கு முந்திய திருவிதாங்கூரில் கோயில் வாசல்கள் அவ்வாறு திறந்திருக்கவில்லை. நீதிமன்ற இருக்கை பற்றிய இச்செயல் இவற்றுக்கெல்லாம் முற்பட்டது.

பின்னாளில் நேசமணி குற்றவியல் வழக்குகளில் பெயர் பெற்றார். 1940களில் நாகர்கோவில் வழக்கறிஞர் சங்கத்தின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். எந்த மன்றத்தில் முக்காலி காட்டப்பட்டதோ அம்மன்றத்தின் வழக்கறிஞர்களே அவரைத் தலைமை இருக்கையில் அமர்த்தினர். நாகர்கோவில் நகராட்சித் தலைவராகவும் பணியாற்றினார்.

இணைப்புப் போராட்டம்

1947இல் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசில் சேர்ந்த நேசமணி விரைவில் அதன் முதன்மைத் தலைவரானார். 1951–52 பொதுத்தேர்தலில் நாகர்கோவில் தொகுதியிலிருந்து மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1954இல் தேவிகுளம், பீர்மேடு பகுதித் தமிழர்களுக்காகத் தடையை மீறிக் கைதானார். அவ்வாண்டு ஆகஸ்ட் 11 அன்று, பட்டம் தாணுபிள்ளை முதலமைச்சராக இருந்தபோது, மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் காவல் துறையினர் நடத்திய துப்பாக்கிச் சூட்டில் போராட்டக்காரர் பலர் உயிரிழந்தனர்.

மாநிலச் சீரமைப்பு ஆணையத்தின் பரிந்துரையை அடுத்து, 1956 நவம்பர் 1 அன்று நான்கு வட்டங்களும் கன்னியாகுமரி மாவட்டமாகச் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. கல்குளம் வட்டத்தோடு மண்டைக்காடும் தமிழகத்தின் பகுதியாயிற்று. செங்கோட்டையின் ஒரு பகுதி திருநெல்வேலி மாவட்டத்தில் சேர்ந்தது. தேவிகுளமும் பீர்மேடும் கிடைக்கவில்லை.

இவ்வியக்கத்தில் கிறித்தவரான நேசமணியும் இந்துவான தாணுலிங்க நாடாரும் இசுலாமியரான அப்துல் ரசாக்கும் ஒரே மேடையில் நின்றனர். 1982ஆம் ஆண்டின் சமயக் கலவரத்தால் மட்டும் மண்டைக்காட்டை அறிந்தோர் இதனையும் அறிதல் நன்று.

பிற்காலமும் மறைவும்

இணைப்புக்குப் பின் இந்திய தேசிய காங்கிரசில் இருந்தார். 1957இல் கிள்ளியூர் தொகுதியிலிருந்து சட்டமன்றத்திற்கும், 1962, 1967 ஆகிய ஆண்டுகளில் நாகர்கோவிலிலிருந்து மக்களவைக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார். மக்களவை உறுப்பினராக இருக்கும்போதே 1968 ஜூன் 1 அன்று காலமானார். இதனால் 1969இல் நடந்த இடைத்தேர்தலில் காமராசர் வெற்றி பெற்றார்.

நாகர்கோவிலில் நேசமணிக்குச் சிலையும் மணிமண்டபமும் உள்ளன. மார்த்தாண்டத்திலுள்ள நேசமணி நினைவு கிறித்தவக் கல்லூரி அவர் பெயரைத் தாங்கியது. மாவட்டத்தில் ஓடிய அரசுப் பேருந்துகளிலும் நேசமணி போக்குவரத்துக் கழகம் என்ற பெயர் இருந்தது. 1997இல் தமிழகப் போக்குவரத்துக் கழகங்கள் அனைத்திலிருந்தும் தலைவர்களின் பெயர்கள் நீக்கப்பட்டபோது இப்பெயரும் நீங்கியது.