ஆரோன் ஐயர்

ஒரு சபைக்குப் புதிய போதகர் வந்து சேரும் நாள் அச்சபையார்க்குத் திருநாளாகும். மாலையிட்டு வரவேற்பதும், கீர்த்தனை பாடுவதும், விருந்தளிப்பதும் நம் ஊர்களில் இன்றும் காணும் வழக்கங்களே. வருபவர் நம்மைப் போலத் தமிழ் பேசுபவராகவும், நம்மிடையே பிறந்து வளர்ந்தவராகவும் இருப்பதை நாம் இயல்பென்றே கருதுகின்றோம். ஆயினும் இந்நாட்டுச் சீர்திருத்தச் சபைகளில் அஃது இயல்பாய் இராத காலம் ஒன்று இருந்தது. அந்நிலை ஆரோன் ஐயரால் மாறிற்று. இந்தியாவில் சீர்திருத்தச் சபையின் குருப்பட்டம் பெற்ற முதல் இந்தியர் இவரே. இவர் தமிழர் என்பது நமக்கு உவகை தருவது. இவருடைய வாழ்க்கையைச் சுருங்கக் கூறி, ஒரு சபை தன் போதகரை ஏற்றுக்கொள்வதன் முழுப்பொருள் யாதென்பதை அதன் வாயிலாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சோழநாட்டுக் கடற்கரையில் உள்ள தரங்கம்பாடியை 1620ஆம் ஆண்டில் தஞ்சை மன்னர் இரகுநாத நாயக்கரிடமிருந்து டேனியர் பெற்றனர். வாணிகத்தின்பொருட்டு வந்த அவர்களுடைய கோட்டை நகரில் 1706ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 9ஆம் நாள் சீகன்பால்கு ஐயரும் புளூட்சோ ஐயரும் வந்திறங்கினர். டென்மார்க்கு மன்னர் அனுப்ப வந்த இவ்விருவரும் ஜெர்மானியர். சீகன்பால்கு ஐயர் தமிழ் கற்று, புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கி, அச்சிலும் ஏற்றினார். அவர் எழுப்பிய புதிய எருசலேம் ஆலயம் 1718இல் பிரதிஷ்டை செய்யப்பெற்று, இன்றும் தரங்கையில் நின்று நிலவுகின்றது.

அந்நாளில் கடலூரில் சைவ வேளாளக் குடும்பம் ஒன்றில் ஏறக்குறைய 1698ஆம் ஆண்டில் பிறந்தவர் ஆறுமுகம். முருகன் திருப்பெயரைத் தாங்கிய இவ்விளைஞர், சிதம்பரமும் திருவதிகையும் அணித்தே விளங்கும் சைவ மணம் கமழும் நாட்டில் வளர்ந்தவர். கடலூரில் சீகன்பால்கு ஐயரின் முயற்சியால் தருமப் பள்ளிக்கூடம் ஒன்று நிறுவப்பட்டிருந்தது. அதன் தமிழாசிரியர் வாயிலாக ஆறுமுகம் கிறிஸ்து மார்க்கத்தை அறிந்தார். பின்னர்த் தரங்கை சேர்ந்து, 1718இல் சீகன்பால்கு ஐயரின் கையால் ஞானஸ்நானம் பெற்று, ஆரோன் எனப் பெயர் பூண்டார். இஸ்ரவேலரின் முதற் குருவாய் விளங்கியவரின் பெயர் அது. பெயரை இட்டவர் அடுத்த ஆண்டு, 1719 பிப்ரவரியில், முப்பத்தாறு வயதிலேயே மரித்தார். அப்பெயருக்குரிய பணியை ஆரோன் ஏற்பதைக் காண அவருக்கு வாய்க்கவில்லை.

ஞானஸ்நானம் பெற்றபின் ஆரோன் உபதேசியார் ஆனார். உபதேசியாரின் பணி எளியதன்று. ஊர் ஊராக நடந்து செல்லுதல், எழுத்தறியாதார்க்கு ஞானோபதேசத்தைப் பாடம் சொல்லி மனத்தில் பதித்தல், நோயுற்றாரைக் காணுதல், புதியோரை ஞானஸ்நானத்துக்கு ஆயத்தப்படுத்துதல், இவை அனைத்தையும் குறித்துத் தரங்கையிலிருந்த ஐயர்மாருக்குக் கணக்கு ஒப்புவித்தல் ஆகியவை அவர் கடமைகள். இவ்வளவு செய்தும், தாம் ஆயத்தப்படுத்தியவர்க்கு ஞானஸ்நானம் கொடுக்கவோ, நற்கருணை பரிமாறவோ அவர்க்கு உரிமையில்லை. அவை ஐரோப்பியக் குருமாருக்கே உரியனவாய் இருந்தன.

இதனால் விளைந்த இடர் பெரிது. தரங்கம்பாடியின் எல்லை சில கல் தொலைவே. அதைக் கடந்தால் தஞ்சை அரசு. அங்கே ஐரோப்பிய மிஷனெரிமார் தம் விருப்பம்போல் செல்லுதல் இயலாது. 1709ஆம் ஆண்டில் தஞ்சைக்குச் செல்லப் புறப்பட்ட சீகன்பால்கு ஐயரே வழியிலிருந்து திரும்ப நேர்ந்தது. ஆனால் கிறிஸ்தவர்களோ தஞ்சை நாட்டுச் சிற்றூர்களிலும் பெருகிவந்தனர். அவ்வூர்களில் வாழ்ந்த உழவர் நற்கருணை பெறவேண்டின் வயல்வேலையை விட்டு நெடுந்தொலைவு நடந்து தரங்கை வரவேண்டும். முதியோரும் நோயாளரும் என் செய்வர்? குரு மக்களிடம் செல்ல முடியாமலும், மக்கள் குருவிடம் வர முடியாமலும் சபை தத்தளித்தது. இம்மண்ணிற் பிறந்தவர் ஒருவரைக் குருவாக்கினாலன்றி இவ்விடர் நீங்காது என்பதை மிஷனெரிமார் உணர்ந்தனர்.

உபதேசியாருள் மூத்தோரை ஆராய்ந்து, ஆரோனையே தெரிந்தெடுத்தனர். 1733ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 28ஆம் நாள், மிஷனெரிமாரும் தமிழ்ச் சபையாரும் கூடியிருக்க, ஆரோன் குருப்பட்டம் பெற்றார். முதல் மிஷனெரிமார் தரங்கையில் கால்வைத்து இருபத்தேழு ஆண்டுகள் சென்றிருந்தன. கிறிஸ்து பிறந்த திருநாள் கழிந்த மூன்றாம் நாள் அது. அதுவரை அந்நிய நாட்டாரின் கைகளையே ஆசீர்வதிக்கும் கைகளாகக் கண்டிருந்த தமிழ் மக்கள், அன்று தம்முள் ஒருவரின் கைகள் அவ்வாறு உயரக் கண்டனர். சீகன்பால்கு ஐயரைப் போலத் தமிழை நன்கு கற்றோர் அந்நியருள்ளும் உண்டு. ஆயினும் கற்ற மொழி வேறு, தாயிடம் கேட்ட மொழி வேறு அன்றோ?

நாட்டு ஐயர் என்று அழைக்கப்பட்ட ஆரோனுக்கு மாயவரத்தைச் சூழ்ந்த ஊர்கள் பணிக்களமாக அமைந்தன. காவிரி பாயும் நெல்வளமும் கோயில் வளமும் மிக்க நாடு அது. ஐரோப்பியக் குரு போகமுடியாத இடங்களுக்கெல்லாம் தமிழ்க் குரு போனார். மழையிலும் வெயிலிலும் வரப்புகள் வழியே நடந்து, ஊர்தோறும் ஞானஸ்நானம் கொடுத்தார், நற்கருணை பரிமாறினார், மணம் செய்வித்தார், மரித்தோரை அடக்கம் செய்தார். ஹாலே நகரில் ஜெர்மன் மொழியில் அச்சிடப்பட்டுவந்த மிஷன் அறிக்கைகள் அவருடைய பணியை ஐரோப்பிய மக்களுக்கும் அறிவித்தன. பதினோராண்டுகளுக்குச் சற்று மேலாக இவ்வாறு உழைத்த ஆரோன் ஐயர் 1745ஆம் ஆண்டு ஜூன் 25ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது ஐம்பதும் நிறையவில்லை.

வாழ்க்கை வரலாறு இத்துடன் முடிந்ததெனக் கூறி அமைவோமாயின், பாதியையே கூறினவராவோம். ஆரோனைச் சபை மகிழ்ந்து ஏற்றது. ஆனால் அச்சபையால் ஏற்க முடியாதவர் ஒருவரும் அக்காலத்தில் வாழ்ந்தார். அவர் பெயர் இராஜநாயக்கன். அவர் தஞ்சை அரசரின் படையில் வீரராய் இருந்தவர், கத்தோலிக்கக் குடும்பத்தினர், தீண்டாமைக் கொடுமைக்கு ஆளாகியிருந்த பறையர் சமூகத்திற் பிறந்தவர். தரங்கையில் அச்சிட்ட தமிழ்ப் புதிய ஏற்பாடு அவர் கைக்கு எட்டியது. அதைப் படித்து உள்ளம் மாறி, படைத்தொழிலைத் துறந்து உபதேசியாரானார். தஞ்சை நாட்டில் அவர் திரட்டிய சபைகள் பல. பட்ட துன்பங்களும் பல. உழைப்பிலும் உறுதியிலும் அவர் எவர்க்கும் குறைந்தவர் அல்லர். அவரையும் குருவாக்கலாம் என்ற எண்ணம் எழுந்தபோது ஜாதி குறுக்கே நின்றது. உயர்குலத்தார் எனப்பட்ட கிறிஸ்தவர்கள் அவர் கையால் நற்கருணை வாங்க இசையார் என்று மிஷனெரிமார் அஞ்சினர். 1741இல் இரண்டாம் குருப்பட்டம் தியோகு என்பவருக்குக் கிடைத்தது. இராஜநாயக்கனோ 1771இல் இறக்கும்வரை உபதேசியாராகவே உழைத்தார்.

அக்காலத்து ஆலயத்திலும் ஜாதிக்கேற்பத் தனித்தனி இடம் இருந்தது. ஒரே அப்பத்தில் பங்குபெறுவோர் ஒரே பாயில் அமரவில்லை. அந்நிய நாட்டார் என்னும் வேலி 1733இல் தகர்ந்தது. குலம் என்னும் வேலியோ தகரவில்லை. முந்திய வேலியைத் தகர்த்தல் எளிதாயிற்று. அதனால் சபையார்க்குப் பெருமை வந்ததேயன்றி இழப்பு ஏதும் இல்லை. பிந்திய வேலியைத் தகர்ப்பதற்கோ அவர்கள் தம் பெருமையை இழக்கவேண்டியிருந்தது. ஆரோன் ஐயர் வேளாளராய்ப் பிறந்ததால் அவருடைய தகுதி குறைந்துவிடாது. அவர் நடந்த வரப்புகளே அதற்குச் சான்று. ஆயினும் தகுதி ஒன்றையே சபை நோக்கியிருப்பின், தரங்கை ஆலயத்தில் இராஜநாயக்கனும் முழந்தாளிட்டுக் குருப்பட்டம் பெற்றிருப்பார் என்பதை மறைத்தல் ஆகாது.

எனினும் ஆரோன் ஐயர் திறந்த வாயில் மீண்டும் அடைபடவில்லை. தியோகுக்குப் பின் அம்பிரோசு, அவர்க்குப்பின் பிறர் என நாட்டுக் குருமார் ஒருவர்பின் ஒருவராய்த் தோன்றினர். 1790இல் தஞ்சையில் குருப்பட்டம் பெற்ற சத்தியநாதன் ஐயர் பாளையங்கோட்டைச் சபையைப் பேணி, திருநெல்வேலிச் சீமையில் திருப்பணியை வளர்த்தார். 1919இல் தமிழ்ச் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை உருவாயிற்று. 1956இல் இராஜா மாணிக்கம் அவர்கள் தரங்கைப் பேராயராக அபிஷேகம் பெற்றபோது, அப்பதவியில் அமர்ந்த முதல் இந்தியரானார். ஆரோன் குருவான நாளிலிருந்து அதற்குள் இருநூற்று இருபத்திரண்டு ஆண்டுகள் சென்றுவிட்டன!

ஆரோன் ஐயரைத் தந்த கடலூர், இன்று ஆற்காடு லுத்தரன் திருச்சபையின் தலைமையிடமாய் விளங்குகின்றது. பிற்காலத்து டேனிஷ் மிஷன் ஆற்காட்டுப் பகுதியில் நட்ட அச்சபை திருவண்ணாமலையிலும் வேரூன்றியுள்ளது. கார்த்திகைத் தீபத்துக்கு இலட்சக்கணக்கானோர் திரளும் அம்மலையடிவாரத்தில் டேனிஷ் மிஷன் பெயர் தாங்கிய பள்ளியில் பல சமயத்துப் பிள்ளைகளும் ஒருங்கே கற்கின்றனர். அத்தகைய ஊரில் வாழும் சிறு சபைக்கு ஆரோன் ஐயரின் வரலாறு தரும் படிப்பினை இரண்டு. திருப்பணி தூரதேசத்தார் வந்து செய்யவேண்டியதன்று. அடுத்த தெருவை அறிந்தவரே அத்தெருவுக்கு ஏற்ற ஊழியர். இஃது ஒன்று. புதிய போதகரை மாலையிட்டு ஏற்கும்போது, அவர் எவ்வூரார், எக்குலத்தார் என்று நம் உள்ளம் வினவுமாயின் அம்மாலைக்கு மணமில்லை. இஃது இரண்டு.

ஆரோன் ஐயரை அன்று வரவேற்ற சபையின் வழித்தோன்றல்கள் நாம். அவர்கள் மகிழ்ச்சியோடு செய்ததை நாமும் செய்கின்றோம். அவர்கள் செய்யத் தவறியதைச் செய்து முடித்தலே அப்பெரியாருக்கு நாம் ஆற்றும் கைம்மாறாகும்.