தோல் வணிகர் தித்

சமயத் தொண்டின் வரலாற்றை எழுதுவோர் கப்பலேறி வந்தவர்களின் பெயர்களையே பெரிதும் எழுதியுள்ளனர். நம் இளைஞர்கள் அறிய வேண்டிய பெயர் ஒன்று பஞ்சாபில் உண்டு. அது தித் என்பவரின் பெயர்.

இன்று பாகிஸ்தானில் உள்ள சியால்கோட் பகுதியில், ஷஹாப்திகே என்னும் சிற்றூரில் வாழ்ந்தவர் அவர். துப்புரவும் பண்ணை வேலையும் சுமத்தப்பட்ட சூரா சாதியினர், ஒரு கால் ஊனமுற்றவர், எழுத்தறியாதவர். ஊர் ஊராய்ச் சென்று தோல் வாங்கி விற்றுப் பிழைத்தார்.

நத்து என்னும் ஜாட் வகுப்பினர் அவருக்கு இயேசுவைப் பற்றிக் கற்பித்து, 1873-இல் சியால்கோட்டிலிருந்த அமெரிக்க மிஷனரி சாமுவேல் மார்ட்டினிடம் அழைத்துச் சென்றார். நத்து பின்னர் உறுதியற்றவர் என்றே கருதப்பட்டார். எனினும் அவர் செய்த இந்த ஒரு பணி வீண்போகவில்லை.

மார்ட்டின் தயங்கினார். படிப்பறியாத புதியவர் சிறிது காலம் தங்கிக் கற்றுத் தேறட்டும் என்பது அவர் எண்ணம். தித்தோ உடனே ஞானஸ்நானம் வேண்டினார். மறுப்பதற்கு வேதத்தில் காரணம் காணாத மார்ட்டின் அதனைக் கொடுத்தார். பெற்றவுடன் தித் ஊர் திரும்பப் புறப்பட்டது அவருக்கு வியப்பளித்தது. மதம் மாறியவர் மிஷன் வளாகத்தில் அடைக்கலம் புகுவதே அக்கால வழக்கம். தித் அடைக்கலம் தேடவில்லை. தம் மக்களைத் தேடினார். அவருடைய பெருமை இங்கேதான் தொடங்குகிறது என்போம்.

ஊரில் உறவினர் கொதித்தெழுந்தனர். தங்களைக் கலந்துகொள்ளாமல் மதம் மாறினார் என்று உண்ணல், பருகல், உறவு அனைத்தையும் அறுத்தனர். ஒடிந்த காலோடு மற்றதும் ஒடியட்டும் என்று சபிக்கவும் செய்தனர். உள்ளத்தில் மட்டும் நம்பியிருந்தால் இத்துன்பம் நேர்ந்திராது. திருமுழுக்கு அவரை ஊரறிய நிறுத்திவிட்டது. அதனாலேயே அவர் சொல்லுக்கு எடை கூடியது என்பது நம் கருத்து.

அதே ஆண்டு ஆகஸ்டில் மனைவி, மகள், அண்டை வீட்டார் இருவர் ஆகியோருடன் ஏறத்தாழ முப்பது மைல் நடந்து சியால்கோட் சேர்ந்தார். ஊனமுற்ற காலுடன் முப்பது மைல்! அவர்களுக்குக் கற்பித்தவர் தித்தே. மார்ட்டின் அவர்களை வினவி, விசுவாசம் உண்டெனக் கண்டு ஞானஸ்நானம் கொடுத்தார். அவர்களும் உடனே வீடு திரும்பினர். 1874 பிப்ரவரியில் மேலும் நால்வரை அழைத்து வந்தார். உலகம் இழிவென்று ஒதுக்கிய தோல் வணிகமே அவரை ஊர்தோறும் தம் இனத்தார் வாசலில் கொண்டுபோய் நிறுத்தியது. அறிவித்ததோடு அவர் நில்லார். நம்பினவரைத் திருமுழுக்குவரை உடன் நடத்திச் செல்வார்.

பதினோராம் ஆண்டில் அவ்வட்டாரத்தில் ஐந்நூறுக்கு மேற்பட்ட சூரா மக்கள் திருச்சபையில் சேர்க்கப்பட்டனர். 1900-க்குள் அம்மாவட்டத்துச் சூராக்களில் பாதிக்கு மேலானோரும், 1915-க்குள் ஏறக்குறைய அனைவரும் சேர்ந்தனர். 1855 முதல் அங்கு உழைத்த மிஷன் எதிர்பார்த்திராத அறுவடை இது.

இன்று பாகிஸ்தானியக் கிறிஸ்தவருள் பெரும்பாலோர் இம்மக்களின் வழித்தோன்றல்களே. அந்நாட்டு நகரங்களின் துப்புரவு வேலை இன்னமும் அவர்களுள் பலர் தோளிலேயே இருக்கிறது.