அஜந்தா முதல் அரசியலமைப்பு வரை: நந்தலால் போஸின் தூரிகையை வளர்த்த ஆசான்கள்

இந்திய அரசியலமைப்பின் கையெழுத்து மூலப் பிரதியைப் புரட்டிப் பார்ப்பவர்களின் கண்களை முதலில் ஈர்ப்பவை அதன் பக்கங்களை அணிசெய்யும் ஓவியங்களே. மொஹஞ்சதாரோ முத்திரையின் காளையில் தொடங்கி, இமயமும் பாலையும் கடலும் வரை நீளும் அந்த 22 சித்திரங்கள், சாந்திநிகேதன் ஓவியர் நந்தலால் போஸின் தலைமையில் உருவானவை. டிசம்பர் 3 அவரது பிறந்த நாள். தேர்வுகளில் தோல்வியுற்று, குடும்பத்தாரின் கவலைக்கு ஆளான ஓர் இளைஞர், நாட்டின் முதன்மையான ஆவணத்தை அணிசெய்யும் ஓவியராக உயர்ந்த வரலாறு, அவர் யார் யாரிடமிருந்து எதை எதைக் கற்றார் என்பதோடு பின்னிப் பிணைந்தது.

இளமையும் தோல்விகளும்

1882-ஆம் ஆண்டு பீகாரின் முங்கேர் மாவட்டத்தில் உள்ள ஹவேலி கரக்பூரில் ஒரு வங்காளிக் குடும்பத்தில் நந்தலால் பிறந்தார். தந்தை பூர்ண சந்திர போஸ், தர்பங்கா சமஸ்தானத்தின் பணியில் இருந்தவர். தாய் க்ஷேத்ரமணி தேவி, கையில் கிடைத்த பொருள்களைக் கொண்டே மகனுக்குப் பொம்மைகள் செய்து தருவதில் வல்லவர். தெய்வ உருவங்களை மண்ணில் வனைவதிலும், பூஜைப் பந்தல்களை அலங்கரிப்பதிலும் சிறுவனின் மனம் லயித்தது. எந்தக் கலைப் பள்ளியும் தராத முதல் பாடம் இதுவே.

பதினாறாவது வயதில் மேற்படிப்புக்காகக் கல்கத்தா சென்றார். பாடப்புத்தகங்களில் நாட்டம் செல்லவில்லை. கல்லூரித் தேர்வில் தோற்றார். 1903-இல் சுதீரா தேவியை மணந்தார். குடும்பத்தாரின் விருப்பத்துக்கு இணங்க வணிகவியல் பயிலச் சேர்ந்தும் பயனில்லை. இறுதியில், ஓவியம் கற்க அனுமதிக்குமாறு வீட்டாரிடம் மன்றாடி இசைவு பெற்று, கல்கத்தா அரசு கலைப் பள்ளியில் சேர்ந்தார்.

அதுவரை அவர் ஐரோப்பிய ஓவியங்களைப் பார்த்துப் படியெடுத்துப் பழகியிருந்தார். ரவி வர்மாவின் ஓவியங்களும் அவரைக் கவர்ந்திருந்தன. ஆனால், அவனீந்திரநாத் தாகூர் வரைந்த புத்தரும் சுஜாதையும் என்ற ஓவியத்தின் அச்சுப் படியைக் கண்டபோது, தமக்குரிய ஆசான் இவரே என்று உறுதி கொண்டார்.

ஆசானின் உறக்கமற்ற இரவு

அக்காலத்தில் அப்பள்ளியின் முதல்வராக இருந்தவர் ஆங்கிலேயரான ஈ.பி. ஹேவல். அதற்கு முன் சென்னைக் கலைப் பள்ளியில் பணியாற்றிய அவர், மேலைநாட்டுக் கலையே உயர்ந்தது என்ற அன்றைய கருத்தை ஏற்கவில்லை. பள்ளியின் கலைக்கூடத்திலிருந்த ஐரோப்பியப் படிகளை அகற்றி, முகலாய ஓவியங்களுக்கு இடமளித்தார். இந்திய மாணவர்களிடமிருந்தே அதற்கு எதிர்ப்பு எழுந்தது. அத்தகைய சூழலில்தான் நந்தலால், துணை முதல்வர் அவனீந்திரநாத்தின் மாணவரானார்.

இருவருக்கும் இடையே நிகழ்ந்த ஒரு சம்பவத்தை அவனீந்திரநாத் தமது நினைவுகளில் பதிவு செய்துள்ளார். சிவனை வேண்டித் தவமிருக்கும் உமையை நந்தலால் காவி வண்ணம் மேலோங்க வரைந்து காட்டினார். ஓவியம் வெறுமையாகத் தோன்றுகிறது, உமைக்குச் சிறிது வண்ணமும் அலங்காரமும் சேர்க்கலாம் என்று ஆசான் கூறினார். மாணவர் மறுமொழி கூறாமல் ஓவியத்தை எடுத்துச் சென்றார். அன்றிரவு அவனீந்திரநாத்துக்கு உறக்கம் வரவில்லை. தவத்தில் இருப்பவளுக்கு அலங்காரம் எதற்கு, மாணவன் கண்ட உமையைத் தாம் காணத் தவறிவிட்டோமே என்று மனம் வருந்தினார். பொழுது புலர்ந்ததும் நந்தலாலின் இருப்பிடத்துக்கு விரைந்தார். திருத்தம் செய்வதற்காக நந்தலால் தூரிகையைக் கையில் எடுத்திருந்த வேளையில் அவரைத் தடுத்து நிறுத்தினார். தம் சாயல் மாணவன் மீது அளவுக்கு மீறிப் படிந்துவிடக் கூடாது என்பதில் அந்த ஆசான் காட்டிய கவனம், நந்தலால் பிற்காலத்தில் தம் மாணவர்களை நடத்திய முறைக்கும் வழிகாட்டியானது.

1908-இல் இந்தியக் கீழைக்கலைச் சங்கத்தின் கண்காட்சியில், சதி என்ற அவரது ஓவியம் 500 ரூபாய் பரிசு பெற்றது.

இருண்ட குகைகளில் கிடைத்த ஒளி

அவரது கலை வாழ்வின் பெருந்திருப்பம் 1909-ஆம் ஆண்டின் இறுதியில் நிகழ்ந்தது. அஜந்தா குகைச் சுவரோவியங்களைப் படியெடுக்க இங்கிலாந்திலிருந்து கிறிஸ்தியானா ஹெரிங்ஹாம் என்ற ஓவியர் வந்திருந்தார். சகோதரி நிவேதிதாவின் முயற்சியால், அவருக்குத் துணையாக நந்தலாலும் அசித் குமார் ஹல்தாரும் அனுப்பப்பட்டனர்.

வெளிச்சம் குறைந்த குகைகளில், சிதைந்த சுவர்களின் முன் அமர்ந்து, பழங்கால ஓவியர்களின் கோடுகளை ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்து வரைந்தார். தூரிகையின் ஒரே வீச்சில் உடலின் திரட்சியையும் முகத்தின் கருணையையும் கொண்டுவரும் அந்தக் கோட்டின் வலிமை, அவரது கையில் நிலைத்தது. தாளை மீண்டும் மீண்டும் நனைத்து வண்ணம் ஏற்றும் அவனீந்திரநாத்தின் மென்மையான பாணியிலிருந்து அவர் படிப்படியாக விலகிச் செல்ல இதுவே காரணமாயிற்று. 1921-இல் மத்திய இந்தியாவின் பாக் குகை ஓவியங்களையும் அவர் படியெடுத்தார்.

ஜப்பானிய அறிஞர் ஒகாகுரா 1912-இல் இரண்டாம் முறையாக இந்தியா வந்தபோது, இயற்கை, மரபு, தனித்தன்மை ஆகிய மூன்றும் இணைந்தால்தான் கலை முழுமையுறும் என்று அவர் கூறிய கருத்து நந்தலாலின் வாழ்நாள் கொள்கையானது. பின்னர் ஜோராசாங்கோ இல்லத்துக்கு வந்த ஜப்பானிய ஓவியர் அராய் கம்போவிடம், மையும் தூரிகையும் கொண்டு வரையும் கீழை நாட்டு முறையைக் கற்றார். 1924-இல் ரவீந்திரநாத் தாகூருடன் சீனா, ஜப்பான் நாடுகளுக்குச் சென்று அந்தக் கலையை அதன் மண்ணிலேயே கண்டார்.

நூல்களின் பக்கங்களில்

நந்தலால் சுவரோவியராக அறியப்படும் அளவுக்கு, நூல்களுக்குச் சித்திரம் வரைந்தவராகவும் நினைக்கப்பட வேண்டியவர். 1909-இல் வெளியான தாகூரின் சயனிகா கவிதைத் தொகுப்புக்கு அவர் சித்திரங்கள் தீட்டினார். நிவேதிதாவும் ஆனந்த குமாரசாமியும் எழுதிய இந்து, பௌத்தப் புராணக் கதைகளின் நூல் 1913-இல் வெளிவந்தபோது, அதிலும் அவரது ஓவியங்கள் இடம்பெற்றன.

1919-இல் சாந்திநிகேதனில் கலாபவன் தொடங்கப்பட்டது. அவனீந்திரநாத் தம் முதன்மை மாணவரைக் கல்கத்தாவிலேயே வைத்துக்கொள்ள விரும்பினார். தாகூரோ அவரைத் தம்மிடம் அழைத்தார். சில காலத் தயக்கத்துக்குப் பின், நந்தலால் சாந்திநிகேதனில் நிலையாகக் குடியேறி, 1951 வரை அங்குப் பணியாற்றினார். சந்தால் பழங்குடியினரின் வாழ்வு, செம்மண் நிலம், பனைமரங்கள் ஆகியவை அவரது புதிய ஆசான்களாயின. கையடக்க அட்டைகளில் அன்றாடம் கண்டவற்றை வரைந்துகொண்டே இருந்தார்.

1930-இல் தாகூர் எழுதிய சகஜ் பாட் என்ற குழந்தைகளுக்கான பாடநூலுக்கு, லினோலியத்தில் செதுக்கிக் கறுப்பு வெள்ளையில் அச்சிட்ட சித்திரங்களை அவர் உருவாக்கினார். தலைமுறைகள் பல கடந்தும், வங்காளக் குழந்தைகள் அந்தப் படங்களுடனேயே எழுத்தறிகின்றனர். அதே ஆண்டில், தண்டி யாத்திரையை ஒட்டி, கைத்தடியூன்றி நடக்கும் காந்தியடிகளை அதே முறையில் அவர் வடித்த படம், விடுதலைப் போராட்டத்தின் அடையாளங்களுள் ஒன்றாக விளங்குகிறது.

1938-இல் குஜராத்தின் ஹரிபுராவில் காங்கிரஸ் மாநாடு கூடியபோது, கிராம மக்கள் வழியில் நின்று காணத்தக்க கலையை அளிக்குமாறு காந்தியடிகள் அவரைக் கேட்டுக்கொண்டார். உழவர், தச்சர், மேளம் கொட்டுபவர், நெல் குத்தும் பெண்கள் எனச் சாதாரண மக்களையே அவர் வரைந்தார். காளிகாட் பட ஓவியர்களின் விரைவான தடித்த கோடும், அஜந்தாவின் நெளிவும் அந்தப் படங்களில் ஒன்றுகலந்தன. அவர் கைப்பட வரைந்தவை மட்டும் 80-க்கும் மேற்பட்டவை.

தேசத்தின் நூல்

விடுதலைக்குப் பின் அரசியலமைப்பை அணிசெய்யும் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. பிரேம் பிஹாரி நாராயண் ராய்சாதா அழகிய கையெழுத்தில் உரையை எழுத, நந்தலால் தம் மாணவர்களுடன் சித்திரப் பணியை மேற்கொண்டார். முகவுரைப் பக்கத்தை அணிசெய்தவர் அவரது மாணவர் பியோஹர் ராம்மனோகர் சின்ஹா. மாமல்லபுரத்தின் கங்கை இறங்கும் சிற்பமும், சோழர் காலச் செப்புத்திருமேனியான நடராஜரும் அந்தப் பக்கங்களில் இடம்பெற்றிருப்பது தமிழ் வாசகர்கள் அறிய வேண்டிய செய்தி. பல நூற்றாண்டுகளின் கலை மரபுகளைத் தனித்தனியே கற்றிருந்த ஒரு கைக்குத்தான், அவை அனைத்தையும் ஒரே நூலில் முரண்பாடின்றி அமர்த்துவது இயன்றது.

1954-இல் அவருக்குப் பத்ம விபூஷண் விருது வழங்கப்பட்டது. 1966 ஏப்ரல் 16 அன்று அவர் மறைந்தார். அவரது படைப்புகள் பின்னர் தேசியக் கலைச் செல்வங்களாக அறிவிக்கப்பட்டன.

அவரிடம் பயின்ற பினோத் பிஹாரி முகர்ஜி, ராம்கிங்கர் பைஜ், கே.ஜி. சுப்ரமணியன் ஆகியோர் ஒருவரைப் போல் மற்றொருவர் வரையவில்லை. நந்தலாலைப் போலவும் வரையவில்லை. 1940-இல் கலாபவனில் சேர்ந்த சத்யஜித் ராய், நூல் அட்டைகளிலும் சித்திரங்களிலும் தமக்கென ஒரு வழியை வகுத்துக்கொண்டு, பின்னர் திரைப்படத்துக்குச் சென்றார். முன்னோரின் கோட்டைப் பணிவோடு பின்தொடர்ந்து பழகியவர், தம் மாணவர்களின் கோடு தம்மிலிருந்து வேறுபட்டபோது அதைத் திருத்த முனையவில்லை. இன்று பிறர் பாணியைக் கண்டு கற்கத் தொடங்கும் இளம் ஓவியர்களுக்கு அவர் விட்டுச் சென்ற பாடம் அதுவே.