உறக்கம் வராத இரவுகளும் விவேகானந்தரும்

கைகளைக் கட்டிக்கொண்டு, தலைப்பாகையுடன் நிமிர்ந்து நிற்கும் விவேகானந்தரின் படத்தைப் பார்க்காத தமிழ் மாணவர் அரிது. 1893ஆம் ஆண்டு அமெரிக்காவின் சிகாகோ நகரில் எடுக்கப்பட்ட படம் அது. அப்போது அவருக்கு வயது 30. அந்தக் கண்களைப் பார்ப்பவர்களுக்கு, நோய் என்றால் என்னவென்றே அறியாதவர் போலத்தான் தோன்றும்.

அவருடைய வாழ்க்கை அப்படி இல்லை. படுத்தவுடன் தூங்குவது அவருக்கு வாழ்நாளில் பெரும்பாலும் வாய்க்கவில்லை. 34 வயதுக்குள் நீரிழிவு நோய் வந்துவிட்டது. பின்னர் ஆஸ்துமா, இதய வீக்கம், உடலில் நீர் கோத்துக்கொள்ளும் நோய் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. அவருடைய கடிதங்களையும் அவரை அறிந்தவர்களின் குறிப்புகளையும் ஆராய்ந்த வங்காள எழுத்தாளர் சங்கர், அவரை வருத்திய உடல்நலக் குறைகள் 31 என்று பட்டியலிட்டார். தூக்கமின்மையும் அவற்றில் ஒன்று. விவேகானந்தர் 39 வயதில் மறைந்தார்.

நாள்பட்ட நோயுடன் படிக்கும் இளையரும், இரவில் தூக்கமின்றித் தவிக்கும் இளையரும் நம்மிடையே இருக்கிறார்கள். புகழ்பெற்ற மனிதர் ஒருவர் அதே நிலையை எப்படிச் சமாளித்தார், எங்கே தடுமாறினார் என்று தெரிந்துகொள்வது அவர்களுக்குத் துணையாக இருக்கும்.

சிங்கப்பூர் வழியாகச் சென்ற பயணி

நரேந்திரநாத் தத்தா 1863ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் தேதி கல்கத்தாவில் பிறந்தார். சிறு வயதில் குஸ்தி பழகியவர், நன்றாகப் பாடக்கூடியவர். 1884ல் வழக்கறிஞரான தந்தை திடீரென இறந்தபோது குடும்பத்துக்குக் கடன்தான் மிஞ்சியது. வசதியாக வாழ்ந்த வீட்டில் அடுத்த வேளைச் சாப்பாடே கேள்வியானது. இரண்டு ஆண்டுகள் கழித்து, அவருடைய குருவான ராமகிருஷ்ணரும் தொண்டைப் புற்றுநோயால் காலமானார்.

அதன் பிறகு துறவியாகி, பழைய வீடு ஒன்றில் சக துறவிகளுடன் அரைப் பட்டினியாக வாழ்ந்தார். பின்னர் இந்தியா முழுவதும் சுற்றினார். கிடைத்ததைச் சாப்பிட்டார், கிடைத்த இடத்தில் படுத்தார். அந்தக் காலத்திலேயே காய்ச்சலும் முதுகுவலியும் அவரைப் பலமுறை வீழ்த்தின. இமயமலை அடிவாரத்தில் ரிஷிகேஷ் அருகே ஒருமுறை உயிர் போய்விட்டதோ என்று உடனிருந்தவர்கள் அஞ்சும் அளவுக்கு அவர் நினைவிழந்து கிடந்தார்.

அவரைச் சிகாகோவுக்கு அனுப்பி வைத்ததில் தமிழகத்துக்குப் பெரும் பங்கு உண்டு. சென்னையில் பள்ளி ஆசிரியராக இருந்த அளசிங்கப் பெருமாளும் அவருடைய இளம் நண்பர்களும் வீடு வீடாகச் சென்று பயணத்துக்குப் பணம் திரட்டினார்கள். 1893 மே 31ஆம் தேதி பம்பாயில் கப்பல் ஏறிய விவேகானந்தர், கொழும்பு, பினாங்கு ஆகிய ஊர்களைக் கடந்து ஜூன் மாதம் சிங்கப்பூருக்கு வந்தார்.

இங்கே அவர் பார்த்தவற்றைப் பின்னர் ஜப்பானிலிருந்து சென்னை நண்பர்களுக்குக் கடிதமாக எழுதினார். இன்று நாம் பூமலை என்று அழைக்கும் தாவரவியல் தோட்டத்தில் இருந்த பனை வகைகள் அவரை வியக்க வைத்தன. விசிறி போல் விரியும் மரத்தையும் ஈரப்பலா மரங்களையும் குறிப்பிட்டார். சென்னையில் மாம்பழம் போல இங்கே மங்குஸ்தான் மலிந்து கிடக்கிறது என்றும், ஆனாலும் மாம்பழத்துக்கு ஈடு எதுவும் இல்லை என்றும் எழுதினார். அவர் பாராட்டிய அரும்பொருளகம் 1887ல் ஸ்டாம்ஃபர்ட் ரோட்டில் திறக்கப்பட்டது. இப்போது அது தேசிய அரும்பொருளகம்.

சிகாகோவில் உலகச் சமய மாநாடு தொடங்குவதற்கு முன் ஓர் இரவு. போகவேண்டிய முகவரி அவரிடம் இல்லை. ரயில் நிலையச் சரக்கு முற்றத்தில் கிடந்த பெரிய காலிப் பெட்டி ஒன்றில் படுத்துக்கொண்டார். செப்டம்பர் 11ஆம் தேதி மாநாட்டில் பேசிய பிறகு நிலைமை தலைகீழானது. செல்வந்தர் வீட்டில் மெத்தென்ற படுக்கை கிடைத்தது. அங்கும் அவர் தூங்கவில்லை. தாய்நாட்டின் வறுமையை நினைத்து அழுது, படுக்கையை விட்டிறங்கித் தரையில் கிடந்தார் என்று அவருடைய வாழ்க்கை வரலாறு சொல்கிறது.

மருத்துவருக்கு எழுதிய கடிதம்

மூன்றரை ஆண்டுகள் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் ஓய்வின்றிப் பேசிவிட்டு, 1897 ஜனவரியில் அவர் கொழும்பில் இறங்கினார். பாம்பன், ராமநாதபுரம், மதுரை, கும்பகோணம் என்று ஊர் ஊராக வரவேற்பு. சென்னையில் ஐஸ் ஹவுஸ் கட்டடத்தில் ஒன்பது நாள் தங்கினார். பார்க்க வந்தவர்களின் கூட்டம் ஓயவே இல்லை.

கல்கத்தா சேர்ந்தபோது உடல் ஓய்ந்துவிட்டது. நீரிழிவு இருப்பது தெரிந்தது. வேலையை நிறுத்தி ஓய்வெடுக்கும்படி மருத்துவர்கள் சொன்னதால் மலை நகரமான டார்ஜிலிங்குக்குப் போனார். பின்னர் அல்மோராவுக்குச் சென்றார்.

அல்மோராவிலிருந்து 1897 மே 29ஆம் தேதி மருத்துவர் சசிபூஷண் கோஷுக்கு அவர் எழுதிய கடிதத்தில்தான் அவருடைய தூக்கத்தின் கதை தெளிவாகத் தெரிகிறது. வாழ்நாள் முழுவதும் படுத்ததும் தூக்கம் வந்ததில்லை, குறைந்தது இரண்டு மணி நேரமாவது புரண்டு புரண்டு படுக்கவேண்டும் என்று அதில் தெரிவித்தார். சென்னைக்கு வந்ததிலிருந்து டார்ஜிலிங்கில் முதல் மாதம் வரை மட்டும் தலையணையில் தலை வைத்ததும் தூங்கிவிட்டாராம். பிறகு அந்தத் தூக்கம் மறைந்து பழைய புரளல் திரும்பிவிட்டது.

இந்தக் கடிதத்தில் கவனிக்கவேண்டியது அதன் நுணுக்கம். இரவு உணவுக்குப் பிறகு உடல் சூடாக இருப்பதுபோல் உணர்கிறார், பகல் உணவுக்குப் பிறகு அப்படி இல்லை. எந்தப் பழம் சாப்பிடுகிறார், தாகம் எடுக்கிறதா, காலையிலும் மாலையிலும் குதிரைச் சவாரி செய்யத் தொடங்கிய பிறகு உடல் எவ்வளவு தேறியிருக்கிறது என்று ஒவ்வொன்றையும் எழுதினார். நல்லதையும் மறைக்கவில்லை, கெட்டதையும் பெரிதுபடுத்தவில்லை. இரத்தச் சர்க்கரையை வீட்டிலேயே அளக்கும் கருவி இல்லாத காலத்தில், ஒரு மருத்துவருக்கு அதைவிடப் பயனுள்ள தகவலை நோயாளி தரமுடியாது.

உட்கார்ந்தபடி கழிந்த இரவுகள்

1898ல் காஷ்மீரின் அமர்நாத் குகைக்குச் சென்று திரும்பிய பிறகு, அவருடைய இதயம் நிரந்தரமாக விரிவடைந்துவிட்டதாக மருத்துவர் சொன்னார். அந்த ஆண்டு டிசம்பரில் ஓய்வுக்காக தேவ்கர் என்ற ஊருக்குப் போனார். அங்கே ஆஸ்துமா கடுமையாகத் தாக்கியது. படுத்தால் மூச்சுத் திணறியது. தலையணை மீது சாய்ந்து, நிமிர்ந்து உட்கார்ந்தபடியே மூச்சுக்குப் போராடினார்.

ஒரு நோய் தூக்கத்தை எப்படிக் கெடுக்கிறது என்பதை இன்றைய மருத்துவம் நன்றாக விளக்குகிறது. இரத்தத்தில் சர்க்கரை மிகும்போது சிறுநீரகங்கள் அதிக நீரை வெளியேற்றும். அதனால் தாகமும், சிறுநீர் கழிக்க அடிக்கடி எழுவதும் நேரும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இரவிலும் விடியற்காலையிலும் மூச்சுக்குழாய்கள் கூடுதலாகச் சுருங்கும். இதயம் பலவீனமானவர்கள் மட்டமாகப் படுத்தால் நுரையீரலில் நீர் சேர்ந்து மூச்சு முட்டும். மறுபுறம், தூக்கம் குறைந்தால் இரத்தச் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் வலியைத் தாங்குவதும் கடினமாகும். நோய் தூக்கத்தைக் கெடுக்க, தூக்கமின்மை நோயை வளர்க்கும்.

விவேகானந்தருக்கு அந்தச் சுழலிலிருந்து வெளியேற வழி இருக்கவில்லை. இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்டது 1921ல், அதாவது அவர் இறந்து 19 ஆண்டுகளுக்குப் பிறகு. ஆஸ்துமாவுக்கு நாம் பயன்படுத்தும் உறிஞ்சுமருந்துக் கருவிகள் அதற்கும் பல ஆண்டுகள் கழித்து வந்தன. அலோபதி, ஆயுர்வேதம், காந்தச் சிகிச்சை என்று கிடைத்ததையெல்லாம் அவர் முயன்று பார்த்தார்.

இறுதி ஆண்டுகளில் உடல் வீங்கியபோது ஆயுர்வேத வைத்தியர் ஒருவர் தண்ணீரையும் உப்பையும் அறவே நிறுத்தினார். பால் மட்டுமே உணவு. அந்த நாள்களில் அவருக்கு இரவில் தூக்கம் இல்லாமலே போனது என்று சீடர் சரத்சந்திர சக்கரவர்த்தி குறிப்பு எழுதினார். அதே சமயத்தில்தான் மடத்துக்கு வாங்கிய பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தைத் தொகுதி தொகுதியாகப் படித்துக்கொண்டிருந்தார். பத்துத் தொகுதிகளை முடித்திருந்தார். சீடர் அவற்றிலிருந்து கேள்வி கேட்டுச் சோதித்தபோது தயங்காமல் பதில் சொன்னாராம்.

பொறுப்பைக் கைமாற்றினார்

உடல் ஒத்துழைக்காது என்று தெரிந்ததும், பணி தம்மை நம்பி மட்டும் இருக்கக்கூடாது என்பதில் அவர் குறியாக இருந்தார். 1897 மே 1ஆம் தேதி, டார்ஜிலிங்கில் ஓய்வெடுத்துத் திரும்பிய சில நாள்களிலேயே ராமகிருஷ்ண மிஷனைத் தொடங்கினார். சென்னைப் பணிக்கு ராமகிருஷ்ணானந்தரை அனுப்பினார். 1901 தொடக்கத்தில் பேலூர் மடத்தின் பொறுப்பை அறங்காவலர்களிடம் சட்டப்படி ஒப்படைத்தார். பிரம்மானந்தர் தலைவரானார்.

எஞ்சிய காலத்தில் உடலுக்கு ஏற்ற வாழ்க்கையை அமைத்துக்கொண்டார். மடத்தில் நாய், ஆடு, வாத்து எல்லாம் வளர்த்தார். மட்ரு என்ற ஆட்டுக்குட்டியோடு குழந்தைபோல் விளையாடினார். முடிந்த நாள்களில் பாடம் நடத்தினார். 1902 ஜூலை 4ஆம் தேதி மதியம் இளம் துறவிகளுக்கு ஏறத்தாழ மூன்று மணி நேரம் சமஸ்கிருத இலக்கணம் கற்பித்தார். மாலையில் நடந்துவிட்டு வந்தார். அன்றிரவு ஒன்பது மணிக்குச் சற்றுப் பிறகு அவருடைய உயிர் பிரிந்தது.

அவர் அமைத்துவைத்த ஏற்பாடு அவருக்குப் பின்னும் நின்றது. அவர் கப்பலில் வந்துபோன சிங்கப்பூரில் 1928ல் ராமகிருஷ்ண மிஷன் தொடங்கியது. லிட்டில் இந்தியாவின் நோரிஸ் ரோட்டில் அதன் பழைய கட்டடம் இன்றும் இருக்கிறது. தமிழ்ப் பிள்ளைகளுக்கு அங்கிருந்து கல்வி கிடைத்தது. இப்போது பார்ட்லி ரோட்டில் மிஷன் இயங்குகிறது.

எதை எடுத்துக்கொள்வது, எதை விடுவது

விவேகானந்தர் எல்லாவற்றிலும் நல்ல நோயாளியாக இருந்தார் என்று சொல்லமுடியாது. ஆஸ்துமா இருந்தும் புகைபிடித்தார். காரமான மிளகாயை விரும்பிச் சாப்பிட்டார். ஓய்வெடுக்கச் சொன்ன இடத்திலும் பேச்சை நிறுத்தவில்லை. அவற்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் அவரை ஒரு மனிதராகப் புரிந்துகொள்ள முடியும்.

தூக்கமின்றிப் படித்ததால்தான் அவர் பெரிய மனிதரானார் என்று எந்த மாணவரும் நினைத்துவிடக்கூடாது. தூங்க முடியாததால் அவர் விழித்திருந்தார். நன்றாகத் தூங்கிய சில வாரங்களை எவ்வளவு ஏக்கத்தோடு மருத்துவருக்கு நினைவுபடுத்தினார் என்பதே அதற்குச் சான்று. 13 முதல் 18 வயது வரையுள்ளவர்களுக்கு எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கமும், பெரியவர்களுக்குக் குறைந்தது ஏழு மணி நேரமும் தேவை என்று மருத்துவர்கள் பரிந்துரைக்கிறார்கள். தேர்வுக்காக வேண்டுமென்றே அதைக் குறைத்துக்கொள்வதில் பெருமை ஒன்றும் இல்லை.

எடுத்துக்கொள்ளவேண்டியது அவர் மருத்துவரிடம் பேசிய விதத்தை. வாரத்தில் மூன்று இரவுகளாவது தூக்கம் கெட்டு, அது மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்தால் அதை நாள்பட்ட தூக்கமின்மை என்கிறார்கள். எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், எப்போது தூங்கினீர்கள், எத்தனை முறை எழுந்தீர்கள், மாலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று இரண்டு வாரம் குறித்து வையுங்கள். அந்தக் குறிப்போடு பலதுறை மருந்தகத்துக்கோ உங்களை வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடமோ செல்லுங்கள். ஆஸ்துமா, நீரிழிவு, தோல் அரிப்பு போன்ற நோய் ஏற்கெனவே இருந்தால், அந்த நோயின் சிகிச்சையை மாற்றினாலே தூக்கம் சீராகலாம். தூக்கத்துக்கென்றே அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையும் இருக்கிறது. நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன் மருத்துவர்கள் பரிந்துரைப்பது அதைத்தான்.

இரண்டாவது, சுமையைப் பகிர்வது. குழுப்பணியில் ஒரு பங்கை நண்பரிடம் கொடுப்பதும், நிலைமையை ஆசிரியரிடமோ பள்ளி ஆலோசகரிடமோ சொல்வதும் தோல்வி அல்ல. உலகமே கேட்கக் காத்திருந்த ஒருவர்கூடத் தம் பொறுப்பைப் பிறரிடம் ஒப்படைக்கக் கற்றுக்கொண்டார்.

அவருக்குக் கிடைக்காத மருந்துகளும் அறிவும் இன்று நமக்கு எட்டும் தூரத்தில் இருக்கின்றன. படுக்கையில் புரண்டபடி இரவைக் கழிக்கும் இளையர் யாராவது இதைப் படித்தால், அதைப் பற்றி இந்த வாரமே ஒருவரிடம் சொல்லிவிடுங்கள்.